நடுவயதில் வீட்டையும் பொறுப்புகளையும் சுருக்கிக்கொள்ளுதல்: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

நாற்பத்தைந்து வயதுக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் இடையில் இருக்கும் செட்டிநாட்டார் பலருக்கு இரண்டு வீடுகள் உண்டு. பிழைக்கப் போன ஊரில் கடன் வாங்கிக் கட்டிய வீடு ஒன்று. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கோனாபட்டிலோ பங்காளிகளோடு பங்குள்ள வளவு வீடு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த பழைய வீடு, மற்றொன்று. பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அவர்கள் இந்த இரண்டு வீட்டுக்கும் வந்து குடியேறப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி. இரண்டு வீட்டுக்கும் வரி, இரண்டு வீட்டுக்கும் பழுது பார்க்கும் செலவு, இரண்டு வீட்டிலும் பூட்டிய அறைகளில் சாமான்கள் என்று வாழ்வு விரிந்துகொண்டே போகும்போது, அதைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு.

பொருள்களைக் குறைப்பது பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகள் எல்லாம், வீட்டில் உள்ள பொருள் அந்த வீட்டில் வாழ்பவருக்கே சொந்தம் என்று எடுத்துக்கொண்டு பேசுகின்றன. நம் ஊர் வீட்டில் அப்படியில்லை. கங்காளம் என்னும் பெரிய பாத்திரம் ஒன்று அப்பத்தாவின் சீராக வந்திருக்கலாம், மூன்று பங்காளிகளுக்கும் பொதுவாக இருக்கலாம், எப்போதோ ஒரு கல்யாணத்துக்கு அடுத்த வளவிலிருந்து இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காததாகவும் இருக்கலாம். ஆகவே இங்கே முதல் கேள்வி ‘வேண்டுமா, வேண்டாமா’ என்பதன்று, ‘யாருடையது’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த தலைமுறை இன்று எண்பது வயதைத் தொட்டிருக்கிறது. இந்த வேலையை நடுவயதிலேயே செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முழங்கால் வலியோ ஓய்வூதியக் கணக்கோ முதற்காரணம் அல்ல. கேட்டால் பதில் சொல்லக்கூடிய அப்பச்சியும் (தந்தை) ஆத்தாவும் (தாய்) பெரியப்பச்சியும் இன்னும் இருக்கிறார்கள் என்பதே காரணம்.

இனி வரும் படிகள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் பங்குரிமையுள்ள பழைய வீடு கொண்ட எந்தக் குடும்பத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: கணவனும் மனைவியும் தனியே பேசி முடிவெடுத்தல்

உறவினரிடம் வாய் திறப்பதற்கு முன், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் எந்த ஊரில் வாழ்வது என்பதைத் தம்பதியர் இருவரும் தற்காலிகமாகவேனும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நகரத்து வீட்டை விற்றுவிட்டுக் காரைக்குடியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கோ சிறிய தனி வீட்டுக்கோ வருவது ஒரு வழி. நகரத்திலேயே சிறிய வீட்டுக்கு மாறி, ஊரில் பங்கை மட்டும் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. ஊர்ப் பங்கை உடன்பிறந்தாருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நகரத்தோடு நின்றுவிடுவது மூன்றாவது. மூன்றுமே தக்க முடிவுகள்தாம். ஆனால் மூன்றுக்கும் வைத்துக்கொள்ள வேண்டிய பொருளும் விட வேண்டிய பொருளும் வெவ்வேறு.

காரைக்குடியைத் தேர்ந்தெடுப்போர் ஊரின் வசதிகளை நிதானமாக எடைபோட வேண்டும். சென்னைக்குப் பல்லவன் விரைவு ரயில் இங்கிருந்தே புறப்படுகிறது. மதுரை, திருச்சி விமான நிலையங்கள் இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. 2024இல் நகரம் மாநகராட்சியாகியிருக்கிறது. ஆனால் இதயநோய்க்கோ புற்றுநோய்க்கோ தொடர் சிகிச்சை தேவைப்படும் வீட்டில் மதுரைப் பயணம் வாழ்வின் பகுதியாகிவிடும். உள்ளூர்க் கிராமத்து வளவு வீட்டிலேயே இருவர் மட்டும் வாழ்வது பற்றி நான் தயக்கத்தோடுதான் பேசுவேன்: பெருக்குவதற்கே ஆள் வேண்டும் வீடு அது.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு. “உனக்கு இதெல்லாம் வேண்டுமா?” என்று கேட்டால், மனம் நோகக்கூடாதென்று “இருக்கட்டும்” என்பார்கள். “இதில் எவற்றை அடுத்த ஆண்டுக்குள் உன் வீட்டுக்கு எடுத்துப் போவாய்?” என்று கேளுங்கள். வரும் பதில் குறுகியதாக இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

இரண்டாம் படி: வீட்டுக்கு ஐந்தொகை எடுத்தல்

பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்கள் ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கை எடுக்காமல் ஆண்டை முடித்ததில்லை. அதே ஒழுங்கை வீட்டுச் சாமானுக்குச் செய்ய வேண்டும். நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றில் பொருள், இருக்கும் இடம், யார் வழி வந்தது, இப்போதைய நிலை என்று நான்கு பத்தி போட்டு, அறை அறையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கைபேசியில் படம் எடுத்து, புத்தகத்தில் உள்ள எண்ணையே படத்துக்கும் கொடுங்கள். இந்தக் கட்டத்தில் எதையும் ஒதுக்கவோ வெளியேற்றவோ கூடாது. எழுதுவதும் கழிப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டும் அரைகுறையாகும். போதாக்குறைக்கு, பங்காளி வீட்டில் சந்தேகமும் பிறக்கும்.

தொடங்கும் இடம் வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டும் சமையற்கட்டுமாக இருக்கட்டும். அண்டா, குண்டான், தவலை, உருளி, வெங்கலப் பானை, தூக்கு, எவர்சில்வர் அடுக்கு ஆகியவை எண்ணிக்கையில் மிகுதி. ஆனால் மனத்தைப் பெரிதாகக் கலக்காதவை. புகைப்படங்களும் கடிதங்களும் உள்ள பெட்டியை முதல் நாளே திறந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்துபோகும். நம் பாத்திரங்களில் பெரும்பாலும் விலாச எழுத்துகளும் (குடும்பத்தின் முதலெழுத்துகள்) பெயரும் வெட்டப்பட்டிருக்கும். துலக்கிவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அது எந்தத் தலைமுறையில் யாருக்கு வந்த சீர் என்பது தெரிந்துவிடும். எழுத்து தேய்ந்தவற்றுக்கு ஆச்சிமாரின் நினைவுதான் சான்று. அவர்களை ஒரு நாற்காலியில் அமர்த்தி, பொருள்களை அவர்கள் முன் கொண்டுவந்து காட்டுங்கள். அவர்கள் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இதற்கு ஏற்ற காலம் ஆடி மாதம். வீட்டு விசேஷங்களும் குடிபோதலும் அப்போது இல்லை, ஆகவே நேரம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டகங்களைத் திறந்து பரப்புவது தகாது.

மூன்றாம் படி: உரிமையைத் தீர்த்தல்

ஐந்தொகை முடிந்ததும் சாமான்கள் தாமாகவே மூன்று வகையாகப் பிரியும்: குடும்பத்துப் பெண்களின் சீர், பங்காளிகளின் பொது, தம்பதியர் தாமே வாங்கியது. மூன்றாவது வகையில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சீர் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒரு பெண்ணுக்குத் திருமணத்தின்போது பிறந்த வீட்டார் கொடுத்த பொருளும் நகையும் அவருடைய முழு உரிமை. கணவருக்கோ மாமனார் வீட்டாருக்கோ அதில் பங்கு இல்லை. எனவே ஆத்தாவின் வெள்ளிச் சாமானை அப்பச்சியோ மகனோ தீர்மானிக்க இயலாது. அவரிடமே கேட்டு, அவர் யார் யாருக்கு என்று சொல்வதை எழுதி, அவர் கையெழுத்தையும் பெற்றுவிடுங்கள். மகள்களை இந்தப் பேச்சில் உட்காரவைக்காமல் முடிக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது முறையும் அன்று, பின்னாளில் நிற்கவும் நிற்காது.

வீட்டைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் 1989இலேயே, அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குரிய பங்கு சட்டத்தால் தரப்பட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், மணமானவர் ஆகாதவர் என்ற வேறுபாடின்றி எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகள் மட்டும் இதனால் மாறா. உங்கள் வளவு வீடு எந்த வகைச் சொத்து, யார் யாருக்குப் பங்கு என்பதை ஒரு வழக்கறிஞரிடம் பழைய பத்திரங்களோடு சென்று எழுத்தில் கருத்துப் பெறுங்கள்; வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம், ஆனால் மிகப் பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

பங்காளிகளைக் கூட்டுவதற்கு, முன்னோருக்குப் படையலிடும் படைப்பு நாளைவிடச் சிறந்த சந்தர்ப்பம் இல்லை. எல்லோரும் வருவார்கள், முன்னோர் முன்னிலையில் குரல் உயராது. ஆனால் படைப்பு அன்றே பேசாமல் மறுநாள் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. ஐந்தொகையின் படியை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பி, பொதுச் சாமானில் யாருக்கு எது வேண்டும் என்று எழுதிக்கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே பொருளை இருவர் கேட்டால் திருவுளச்சீட்டுப் போடுங்கள். முடிவை இரண்டு பக்கத்தில் எழுதி அனைவரும் கையெழுத்திடுங்கள். அசையும் பொருளுக்கு அது போதும்.

வீட்டுப் பங்கை விடுவதானால் பதிவு செய்யப்பட்ட பத்திரம் வேண்டும்: பங்காளிக்கு விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம், பிள்ளைக்கு எழுதினால் தான செட்டில்மெண்ட், அனைவரும் சேர்ந்து பிரித்தால் பாகப்பிரிவினை. குடும்பத்துக்குள் எழுதும் இப்பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு, வெளியாருக்கு விற்பதைவிடச் செலவு மிகக் குறைவு. வெளிநாட்டில் இருக்கும் பங்காளி அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிட்டு மறுபடியும் தூதரகத்துக்கு அலைவோர் உண்டு.

உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு வீட்டை எழுதிவைப்பவர்கள், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிட வேண்டும். அப்படிச் சேர்த்திருந்தால், பிற்காலத்தில் பராமரிப்பு தவறும்போது, 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். இதைச் சொன்னால் பிள்ளை என்ன நினைப்பான் என்ற கூச்சம் தேவையில்லை. வரவு எழுதினால் பற்றும் எழுதுவதுதான் நம் வீட்டு வழக்கம்.

நான்காம் படி: சாமான்களைப் பிரித்தல்

இப்போதுதான் கை வைக்கலாம். உங்கள் பங்கில் வந்தவற்றை நான்கு இடங்களுக்கு அனுப்பப் போகிறீர்கள்: புது வீட்டுக்கு, உறவினருக்கு, நிறுவனங்களுக்கு, விலைக்கு.

புது வீட்டுக்கு எடுத்துச் செல்வதைத் தீர்மானிக்கப் பயன்பாடே அளவுகோல். அதிலும் பராமரிப்பைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைக்க வேண்டுமானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், அதை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். ஈயம் பூசுபவர் உங்கள் புதிய ஊரில் இல்லையென்றால், அந்தப் பாத்திரம் அங்கே அலங்காரப் பொருளாகத்தான் நிற்கும். அலங்காரத்துக்கு ஒன்றிரண்டு போதும். வெங்கலப் பானையும் இரும்புப் பணியாரக் கல்லும் அப்படியல்ல. நாளும் பயன்படுபவை, அவை வரட்டும். உப்பும் ஊறுகாயும் போடும் பீங்கான் ஜாடிகளில் விரிசல் இல்லாதவற்றை மட்டும் எடுங்கள். எனாமல் தூக்குகளும் அடுக்குகளும் கண்ணுக்கு அழகானவை. ஆனால் பூச்சு உதிர்ந்தவற்றை உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஆட்டுக்கல், அம்மி இரண்டையும் கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆச்சிமாருக்கு என் யோசனை: அம்மியை எடுங்கள், ஆட்டுக்கல்லை விடுங்கள். துவையலின் ருசி அம்மியில் இருக்கிறது. மாவை எப்படியும் கிரைண்டரில்தான் ஆட்டப் போகிறீர்கள்.

மரச் சாமானுக்கு அளவு நாடா கையில் வேண்டும். பர்மாத் தேக்கு அலமாரிகளும் பெட்டகங்களும் உயர்ந்த கூரையுள்ள வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை. அடுக்குமாடியின் மின்தூக்கிக்குள்ளும் படிக்கட்டுத் திருப்பத்திலும் அவை நுழையுமா என்று பார்க்காமல் வண்டியில் ஏற்றக்கூடாது. கணக்குப்பிள்ளை சாய்வு மேசையும் சிறிய கல்லாப்பெட்டியும் எந்த வீட்டிலும் அடங்கும், இன்றைய மடிக்கணினிக்கும் அவை ஏற்றவையே.

உறவினருக்குக் கொடுக்கும்போது பொருளோடு அதன் வரலாற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே ஒட்டிவிடுங்கள். மரவை என்னும் அரக்குப் பூசிய பர்மாப் பெட்டி, கொட்டான் என்னும் ஓலைக்கூடை, மணி கோத்த தடுக்கு போன்றவை இளைய பெண்கள் விரும்பி வாங்கிக்கொள்பவை. கண்டாங்கிச் சேலைகளும் அப்படியே; பருத்தியாகையால் கட்டிக்கொள்ளவே செய்வார்கள். 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் அதன் மதிப்பைப் புதிதாய் உணர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

விற்பனைக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது உலகறிந்தது. உறவினர் தேர்வு முடிவதற்கு முன் எந்த வியாபாரியையும் வீட்டுக்குள் அழைக்கக்கூடாது. அவர்கள் வந்து பார்ப்பது நீங்கள் காட்டும் குவியலை மட்டும் அல்ல. போகிற போக்கில் கதவு, தூண், சுவர்ப் படம் எல்லாவற்றுக்கும் மனத்துக்குள் விலை போட்டுவிடுவார்கள். அது அவர்கள் தொழில், குறைசொல்வதற்கில்லை. குவியலைத் திண்ணையிலோ முகப்பிலோ வைத்தே பேசுங்கள். பித்தளையை எடைக்குப் போடுவதா, பொருளாக விற்பதா என்பதை ஒவ்வொன்றாகத் தீர்மானியுங்கள்: நசுங்கிய குண்டான் எடைக்குப் போகலாம், வேலைப்பாடுள்ள விளக்கும் வெற்றிலைப் பெட்டியும் பொருளாகத்தான் போக வேண்டும். இரண்டு மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள்; மொத்தமாக ஒரு தொகை சொல்லி அறையையே காலி செய்து தருவதாக வரும் பேச்சுக்கு உடன்படாதீர்கள்.

தூண், நிலை, கதவு, சன்னல் ஆகியவற்றை மட்டும் விற்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. நிலையைப் பெயர்த்த வீடு சில மழைக்காலங்களில் சரியத் தொடங்கும். பிறகு அந்தப் பங்கை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ யாரும் வரமாட்டார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றதற்குக் காரணம் முழு வீடுகளும் முழுத் தெருக்களும்தாம்.

சட்டத்தின் இரண்டு எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டு போதும். கல், உலோக, மரச் சிற்பங்களும் ஓவியங்களும் அவ்வகையில் வந்தால் பதிவு செய்யப்பட வேண்டியவை. தொல்பொருளை விற்கும் வணிகருக்கு உரிமம் வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மகள் அமெரிக்காவில் இருக்கிறாள் என்று பழைய உலோகச் சிலையைப் பெட்டியில் வைத்து அனுப்பினால் அது குற்றமாகும். மற்றொன்று வருமான வரி. வீட்டுப் பாத்திரமும் மேசை நாற்காலியும் சொந்த உபயோகப் பொருள் என்பதால் விற்றால் மூலதன ஆதாய வரி வராது. நகை, ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்கு அந்த விலக்கு கிடையாது.

ஐந்தாம் படி: ஏடுகளும் படங்களும்

செட்டிநாட்டு வீடுகளில் மிகுதியாக வீணாவது இவைதாம். பித்தளைக்கு விலை உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ரங்கூன் கடைப் பேரேட்டுக்கும் ஈப்போவிலிருந்து வந்த கடிதக் கட்டுக்கும் மதிப்பு உண்டு என்று நினைப்பவர் குறைவு. 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் கடனுக்கு ஈடாக வயல்கள் கைக்கு வந்ததும், 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அவற்றை விட்டு ஓடிவந்ததும், பர்மாவின் விடுதலைக்குப் பின் அந்த நிலங்கள் அரசுடைமையானதும் புத்தகங்களில் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. அதே வரலாறு உங்கள் குடும்பத்தின் கையெழுத்தில், தொகை தொகையாக, அந்தப் பேரேட்டில் இருக்கிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த அச்சு நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும், 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. கல்யாணப் பத்திரிகையும் மருந்து விளம்பரமும்கூட ஆராய்ச்சிக்கு உதவும் என்பதற்கு அந்த நூலகமே சான்று. ஆகவே பழைய காகிதக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அங்கே ஒரு கடிதம் எழுதுங்கள். ஓலைச்சுவடி இருந்தால் தஞ்சைச் சரசுவதி மகாலையோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தமிழ்ப் பல்கலைக்கழகத்தையோ அணுகலாம். நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது குடும்பப் பெயரோடு ஏற்புக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணிமப் படி ஒன்று தர முடியுமா என்றும் கேளுங்கள்.

நிலப்பத்திரம், பழைய பாகப்பிரிவினைச் சாசனம், இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்), கோவில் புள்ளி (கோவிலில் பதிவான குடும்பக் கணக்கு) தொடர்பான தாள்கள் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் கழிக்காதீர்கள். புகைப்படங்களில் இருப்பவர் பெயரைப் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதியபின் மின்படி எடுங்கள். பெயர் எழுதாத படம் அடுத்த தலைமுறைக்கு வெறும் அந்நியர் முகம்.

ஆறாம் படி: பணக் கணக்குகளைச் சுருக்குதல்

இதில் நம்மவர்களுக்குப் பாடம் நடத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். எனினும் மற்றவர் பணத்தைக் காத்தவர்களின் சொந்தக் கணக்குகள் சிதறிக் கிடப்பது உண்மை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் தொடங்கப்பட்டது. அக்காலம் முதல் ஊரில் ஒரு கணக்கு, வேலை பார்த்த ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கு என்று சேர்ந்துவிட்டவை பல. இருவருக்கும் சேர்த்து இரண்டு வங்கிகள் போதும். மற்றவற்றை மூடுங்கள். பத்தாண்டு தொடப்படாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் உரிமை அழிவதில்லை. அப்பச்சி, ஐயா (தாத்தா) பெயர்களில் எங்கேனும் பணம் கிடக்கிறதா என்பதை ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

காகித வடிவப் பங்குச் சான்றிதழ்கள் பெட்டகத்தின் அடியில் இருந்தால் உடனே கவனியுங்கள். 2019 ஏப்ரல் முதல் அவற்றை அந்த வடிவில் கைமாற்ற முடியாது, டீமேட் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஏழாண்டு தொடர்ந்து ஈவுத்தொகை பெறப்படாதிருந்தால் பங்குகளே முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டிருக்கும். மனுச் செய்து மீட்கலாம், பொறுமை வேண்டும்.

எல்லாக் கணக்குக்கும் லாக்கருக்கும் நாமினி பதிவு செய்வதோடு நின்றுவிடாமல் உயிலும் எழுதுங்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தாம். உரிமையாளர் யார் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ தீர்மானிக்கும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. இரு சாட்சிகள் கையெழுத்திட வேண்டியது கட்டாயம். கல்யாணத் தாலியான கழுத்துருவை உருக்குவதா என்ற கேள்வி சில வீடுகளில் எழுகிறது. பல மகள்களுக்குப் பிரிக்க வேண்டுமென்று அதைத் துண்டாக்குவதைவிட, ஒருவருக்கு அதையும் மற்றவருக்கு ஈடான வேறு நகையையும் கொடுப்பதே சரியென்று நினைக்கிறேன்.

நகரத்து வீட்டை விற்கிறவர்கள், அது 2001க்கு முன் வாங்கியதாயின் அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம் என்பதையும், ஆதாயத்தை விற்பனைக்கு ஓராண்டு முன்போ இரண்டாண்டுக்குள்ளோ வேறு குடியிருப்பு வீடு வாங்கச் செலவிட்டால் வரிவிலக்கு உண்டு என்பதையும் தணிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். விற்ற பிறகு பேசினால் வழிகள் குறைந்துபோகும்.

ஏழாம் படி: செய்முறைகளைக் குறைத்தல்

வீட்டைக் குறைத்தவர் செய்முறையைக் குறைக்காவிட்டால் வருமானம் ஓய்ந்தபின் திணறுவார். மொய், சீர், பலகாரம், விசேஷத்துக்கு விசேஷம் பயணம் என்று ஓராண்டுச் செலவை எழுதிப் பாருங்கள். முறையாகச் செய்ய வேண்டிய நெருங்கிய உறவுக்குக் குறைக்க வேண்டாம். திருப்பிச் செய்ய வேண்டுமே என்பதற்காக மட்டும் தொடரும் கொடுக்கல் வாங்கலை, இருவரும் பேசி ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருதலையாக நிறுத்தினால்தான் மனத்தாங்கல். கோவில் வரியும் படைப்புப் பங்கும் தொகையில் சிறியவை. அவற்றைக் கைவிட வேண்டியதில்லை.

மகள் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும் அளவைக் குறைப்பது பற்றி இரு வீட்டாரும் நிச்சயத்துக்கு முன்பே பேச வேண்டும். அவள் குடியேறப் போகும் இரண்டு படுக்கையறை வீட்டில் எந்த அண்டாவும் அடங்காது. கொடுப்பதை அவள் பெயரில் வைப்புநிதியாகக் கொடுங்கள். கேட்டு வாங்குவது 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விரும்பிக் கொடுக்கும் பரிசுகளுக்கும் 1985ஆம் ஆண்டின் விதிகள் பட்டியல் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்கின்றன. முறைச்சிட்டை என்னும் சீர்ப் பட்டியலை எழுதிப் பழகிய நமக்கு அது புதிதன்று.

எட்டாம் படி: குடிபோவதற்கு முன் ஒத்திகை

மணமான மகனை ‘வேறு வைக்கும்’ வழக்கத்தில், ஒரே கூரையின்கீழ் ஓர் அறையும் ஓர் அடுப்பும் தனிக் கணக்குமாகக் குடும்பங்கள் நிறைவாக வாழ்ந்திருக்கின்றன. அதையே இப்போது ஒத்திகையாகச் செய்யலாம். இருக்கும் வீட்டில் இரண்டு அறைகளையும் சமையலறையையும் மட்டும் திறந்து வைத்து, மற்றவற்றைப் பூட்டிவிட்டு, எடுத்துச்செல்வதாகத் தீர்மானித்த பொருள்களோடு மட்டும் மூன்று மாதம் வாழுங்கள். பூட்டிய அறைக்குள் போய் எடுத்தவற்றைக் குறித்துக்கொண்டே வந்தால் பட்டியல் தானாகத் திருந்திவிடும்.

புதிய வீடு தரைத்தளமாகவோ மின்தூக்கி உள்ளதாகவோ இருக்க வேண்டும். கழிவறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் இப்போதே அமைத்துவிடுங்கள். பளபளப்பான ஆத்தங்குடிக் கல்லைக் கூடத்தில் பதித்துக்கொள்ளலாம், ஆனால் நீர் சிந்தும் இடத்தில் வேண்டாம்.

ஒன்பதாம் படி: வளவு வீட்டை என்ன செய்வது

பங்கை வைத்துக்கொள்வோர் ஆண்டுச் செலவைப் பங்காளிகளோடு சேர்ந்து முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். புரட்டாசிக்குள் ஓடு மாற்றி, கூரை வடிகால்களில் இலை குப்பை அள்ளி, வளவில் விழும் நீர் வெளியேறும் மடையைத் தூர்வார வேண்டும். கரையான் பார்ப்பதும் அப்போதே. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் விழுந்த விரிசலைச் சிமெண்டால் அடைக்க விடாதீர்கள்; சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி அதைக்கொண்டே பூசுங்கள், இல்லையேல் ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு பாளம் பாளமாக உதிரும்.

கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் சில பெரிய வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறியிருக்கின்றன. படப்பிடிப்புக்கு விடும் வீடுகளும் உண்டு. விடுதிக்குக் குத்தகை விடுவதானால் எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட்ட, பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் வேண்டும்; படைப்பு நாள்களில் குடும்பத்துக்கு வீட்டைத் திறந்துவிட வேண்டும் என்பதும், படைப்புப் பெட்டி இருக்கும் உள்வீடு குத்தகையில் அடங்காது என்பதும் அதில் தனிப் பிரிவாக இருக்க வேண்டும். படப்பிடிப்பு வருமானம் நிலையானதன்று, சுவரிலும் தரையிலும் ஆணியடிப்பவர்கள் வருவார்கள். முன்வைப்புத் தொகை வாங்காமல் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் மின் இணைப்பு, வீட்டு வரி, பட்டா மூன்றும் இன்னும் காலமான ஐயா பெயரிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் கொண்டு பெயர்மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். ஊரில் வசிக்கும் பங்காளி ஒருவரிடம் ஒரு சாவியும், வெளியூரில் இருப்பவர் ஒருவரிடம் மற்றொன்றும், ஐந்தொகைப் புத்தகத்தின் படி எல்லோரிடமும் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை படைப்புக்கு வரும்போது அந்தப் புத்தகத்தைத் திறந்து, சேர்ந்ததையும் போனதையும் அதிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.